அறைக்குச் சொன்ன சலாம்

ஆள் இல்லாத அறையின் வாசலில் நின்று சலாம் சொல்லி, பதில் வந்த பிறகே உள்ளே கால் வைக்கிற ஒரு மனுஷியோடு நான் ஒன்பது வருஷம் இருந்தேன். பதில் வந்ததா என்று இப்போதே கேட்காதீர்கள். அதற்குத்தான் வருகிறேன். எனக்கு எதையும் மெதுவாகத்தான் சொல்ல வரும்.

வலது கையைக் கதவு நிலையில் வைப்பார். விரல் நுனிகளில் மருதாணிச் சிவப்பு எப்போதும் இருக்கும். "சலாம் அலைக்கும்" என்பார். சத்தமும் இல்லை, ரகசியமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லுகிற மாதிரி இருக்கும். பிறகு தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. முகம் கொஞ்சம் தளரும். அப்புறம்தான் வலது கால் உள்ளே போகும். சில நாள் அந்தத் தளர்வு வராது. அன்றைக்கு அந்த அறைக்குள் போகமாட்டார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் போகமாட்டார். குளியலறைக்கு மட்டும் சலாம் கிடையாது. அங்கே சொல்லக்கூடாதாம்.

அபுதாபியில் நான் சமையலுக்கு இருந்த வீடு அது. வீட்டு முதலாளியை அங்கே அர்பாப் என்போம். அவருடைய அப்பாவின் அக்கா இவர். கல்யாணமான மறு வருஷம் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. நான் போன நாளில் வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லாரும் அவரை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்கள். ஆகா, இந்த ஊரிலும் அம்மாவுக்கு அம்மாதான் என்று எனக்குச் சந்தோஷம். நானும் என் ஓட்டை இந்தியில், "அம்மா, உங்க மகன் சாப்பிட வந்துட்டார்" என்று அர்பாபைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அர்பாபின் மனைவி, நாங்கள் மேடம் என்போம், அவர் முகம் வெளுத்துப் போயிற்று. அரபியில் அம்மா என்றால் அப்பாவின் உடன்பிறந்தாள், அதாவது அத்தை. அது எனக்கு யார் சொன்னார்கள்? பிள்ளையில்லாத மனுஷியின் முகத்துக்கு நேரே உன் மகன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். வயதான பெண்கள் அங்கே போடுகிற முகமூடி ஒன்று உண்டு. துணிதான், ஆனால் பித்தளைத் தகடு போல மின்னும். அதன் நீலச் சாயம் அவர் மூக்கில் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. அந்த முகமூடிக்கு உள்ளிருந்து சிரித்தார்.

"இவள் வந்த முதல் நாளே எனக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். இவளை அனுப்பாதீர்கள்."

அப்படித்தான் அந்த வீட்டில் எனக்கு வேலை நிலைத்தது. நானும் அவரைக் கடைசி வரைக்கும் அம்மா என்றே கூப்பிட்டேன். என் நாக்குக்கு அது அத்தை ஆகவே இல்லை.

முதல் வாரத்திலேயே சண்டையும் வந்தது. அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மீனை எப்படி வெட்டவேண்டும் என்று மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் வெட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கும்? அந்த நேரம் அம்மா வந்து சலாம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நின்றார், தலையைச் சாய்த்தார், திரும்பிப் போய்விட்டார். நாலு நாள் அடுப்படிப் பக்கம் வரவில்லை.

"அம்மாவை என்ன செய்தாய்?" என்றார் மேடம்.

"நான் ஒண்ணும் செய்யல மேடம்."

அம்மா கூடத்தில் இருந்தபடியே சொன்னார். "அங்கே ஒருத்தி இருக்கிறாள். பதில் சொல்லவில்லை. இல்லாதவர்கள்கூடச் சொல்லுகிறார்கள்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கையில் மீன்முள் ஏறினது போல இருந்தது. அன்றிலிருந்து அவர் அடுப்படிக்கு வந்தால் நான் முந்திக்கொண்டு வ அலைக்கும் சலாம் சொல்லிவிடுவேன். நான் வேதக்காரி, கோவிலில் திருமுழுக்கு வாங்கினவள். ஆனாலும் சமாதானம் உண்டாகட்டும் என்று ஒருத்தர் சொன்னால் உனக்கும் உண்டாகட்டும் என்று சொல்லுவதில் எனக்கு என்ன குறைச்சல்?

எங்கள் டிரைவர் சிவகங்கைப் பக்கத்துப் பையன். பையன் என்றாலும் நாற்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அம்மா காரில் ஏறும்போது காருக்கும் சலாம் சொல்லுவார். ஒருநாள் இவன் மரியாதையாக, "வ அலைக்கும் சலாம் அம்மா" என்றான்.

"நீ சும்மா இரு. நான் வண்டியைக் கேட்டேன்."

அவரை இறக்கிவிட்டு வந்து என்னிடம் அழாத குறை. "அக்கா, வண்டி பதில் சொல்லலேன்னா நான் என்னக்கா பண்றது? ஆரன் அடிக்கவா?"

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்கும் அப்படித்தான். கதவு திறக்கும், சலாம் சொல்லுவார், நிற்பார். உள்ளே இருக்கிறவர்கள் ஏறுங்கள் ஏறுங்கள் என்பார்கள். கதவு மூடிக்கொண்டு போய்விடும். அடுத்த லிஃப்டு வரும். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போதெல்லாம் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்கு எத்தனாவது லிப்டு பதில் சொல்லுச்சு?" என்பான். எனக்குச் சிரிப்பு அடங்காது.

அர்பாப் படித்தவர். ஒருநாள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "அத்தை, வெறும் வீடானாலும் சலாம் சொல்லி நுழைவது நல்லதுதான். ஆனால் பதிலுக்கு நிற்க வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கேயும் இல்லை."

"ஒருத்தரை நலம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவது உங்கள் டெலிபோன் பழக்கம்" என்றார் அம்மா. "எனக்கு அந்தப் பழக்கம் இல்லை."

பழைய வீட்டை இடிக்கப் போவதாக முடிவான பிறகுதான் எனக்கு அந்தச் சிரிப்பு குறைந்தது. ஊருக்கு வெளியே புதிதாக வில்லா கட்டியிருந்தார் அர்பாப். சாமான் எல்லாம் போன பிறகு, கடைசி நாள் மத்தியானம், அம்மா பழைய வீட்டின் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்றார். சலாம் சொன்னார், காத்திருந்தார். பிறகு, "வாருங்கள், வண்டி நிற்கிறது" என்றார். ஒரு அறை, இரண்டு அறை இல்லை. பதினோரு அறை. அடுப்படிக்கும் சொன்னார். பிறகு வெளியே வந்து காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

டிரைவர் என் காதோடு கேட்டான். "அக்கா, யாரு ஏறணும்?"

"பேசாம இருடா தம்பி."

வெகுநேரம் கழித்து அவரே கதவைச் சாத்தினார். "யல்லா" என்றார், கிளம்பு என்று. அவ்வளவுதான். வழியெல்லாம் நடு சீட்டில் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் அந்த இடத்தில் என் பையை வைக்கப் போனேன். வைக்கவில்லை.

புது வில்லாவின் வாசலில் சலாம் சொன்னார். நின்றார். ஒரு மூச்சு, பத்து மூச்சு. பளிங்குத் தரை, உயரமான கதவு, உள்ளே குளிர்காற்று ஓடுகிற சத்தம்.

"இந்த வீட்டில் யாரும் இல்லை" என்றார்.

"நாங்கள் எல்லாரும் இருக்கிறோமே அத்தை."

"நீங்கள் குடிவந்தவர்கள். வீட்டுக்காரர்கள் எங்கே?"

மூன்று நாள் வாசல் மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் மாசம். தொழுகை அங்கே, சாப்பாடு அங்கே, கட்டிலையும் அங்கேயே போடச் சொன்னார். அர்பாப் கெஞ்சினார், கோபப்பட்டார், மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரைக் கூட்டிவந்து சொல்லவைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சர்க்கரை இறங்கி, தலை தொங்கிவிட்டது. நான் பேரீச்சம்பழத்தைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது மேடம் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"திரைச்சீலைக்குப் பின்னால் நில். அவர் சலாம் சொன்னதும் மெல்லப் பதில் சொல்."

"என் குரல் தெரிஞ்சிடும் மேடம்."

"அவருக்குக் கண்தான் தெரியாதே."

"கண்ணு போனா காது ரெண்டு பங்கு மேடம்."

"சொல்லு. இல்லாவிட்டால் அவர் அங்கேயே செத்துப் போவார்."

நின்றேன். புதுத்துணி வாடை மூக்கில் ஏறியது. வெளியே அம்மாவைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். "சலாம் அலைக்கும்." நான் மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்கு அடியிலிருந்து, யாரோ ஒருத்தி மாதிரி, "வ அலைக்கும் சலாம்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் வலது கால் பளிங்கில் பட்ட சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அது என் வேலையாயிற்று. அவர் எந்த அறைக்குக் கிளம்பினாலும் நான் வேறு வழியாக முந்திப் போய் நிற்கவேண்டும். அவர் சொல்லுவார், நான் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுவேன். நன்றாகவே செய்தேன். கூடத்துக்கு ஒரு குரல், படுக்கையறைக்கு ஒரு குரல். பெருமையாகக்கூட இருந்தது. இந்த வீட்டை நான்தான் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பொய் பொய்தானே. அங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் லீவு, அன்றுதான் தமிழ்ப் பூசை. எங்கள் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அடுத்தடுத்த சுவர். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"சமாதானம் சொன்னது பாவமாம்மா?"

"சொன்னது பாவமில்ல சாமி. சொன்ன ஆளு நான்தான்னு மறைக்கிறேன்ல, அதுதான்."

ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாளும் திரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அந்த வருஷமே ஒருநாள், சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்து அம்மா தன் அறைக்கு வந்தார். நான் பீரோவின் மறைவில் இருந்தேன். அவர் சலாம் சொன்னார், நான் பதில் சொன்னேன். வாசலிலேயே நின்று சிரித்தார்.

"ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் எனக்குக் கேட்கவில்லை."

அறையில் நான் ஒருத்திதான். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். கட்டில், தொழுகை விரிப்பு, சாம்பிராணி போடுகிற மண்சட்டி. அதிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வயசான காலத்து உளறல் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்று ராத்திரிச் சோற்றுக்கு உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

வில்லாவுக்கு வந்து நாலாவது வருஷம் கோடையில் அவர் கண்ணுக்காக ஸ்பெயின் தேசத்துக்குப் போனோம். அர்பாப், மேடம், அம்மா, நான். அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரி. பார்த்துவிட்டு டாக்டர் கையை விரித்தார். இருக்கிற மங்கல் வெளிச்சமும் சில மாசம்தானாம். அர்பாப் அம்மாவின் முன்னால் முழங்காலிட்டு, "அத்தை, எங்கே போக வேண்டும் என்று ஆசை? சொல்லுங்கள்" என்றார். மக்காவைச் சொல்லுவார் என்று நினைத்தோம்.

"இந்தத் தேசத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறதாம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கிறிஸ்தவர்கள் தங்கள் கோவிலாக்கிக்கொண்டார்களாம். ரேடியோவில் கேட்டேன். அங்கே கொண்டுபோ."

அந்த ஊர்ப்பெயர் என் வாயில் நிற்கவில்லை. ரயிலில் போனோம். வழியெல்லாம் ஒலிவ மரமும் காய்ந்த மலையும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அரபியும் இந்தியுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அது இடிக்காத வீடு. ஆனால் ஆள் மாறிய வீடு, கூப்பிடுகிற மொழியும் மாறிய வீடு. அங்கே பழையவர்கள் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவேண்டும்."

"தெரிஞ்சு என்ன அம்மா ஆகப்போகுது?"

"என் வீட்டை இடித்தார்கள். கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டேன். ஒருவரும் ஏறவில்லை. எங்கே போனார்கள்? நானும் போகிற நாள் கிட்டத்தில் இருக்கிறது. போனவர்கள் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறார்கள் என்றால், நான் இத்தனை வருஷம் யாரை நலம் கேட்டேன்?" கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பெரிய வீட்டில் பதில் வரவில்லை என்றால் கலாஸ், அதோடு முடிந்தது. இனி எந்த வாசலிலும் சலாம் சொல்லமாட்டேன். எந்த வாசலையும் தாண்டவும் மாட்டேன்."

"புது வீட்டுல பதில் வருதே அம்மா" என்றேன் அவசரமாக.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். தெரியாத கண்தான். ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வருகிறது" என்றார்.

வாசல் மண்டபத்து நாற்காலி எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னால் செய்கிற மனுஷி. இந்த வயசில் மூன்று நாள் தாங்கமாட்டார். எதிர் சீட்டில் இருந்த மேடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ரயிலை விட்டு இறங்கும்போது என் காதில் சொன்னார். "அங்கேயும் நீ சொல்லிவிடு. புரிகிறதா?"

பெரிய முற்றம். வரிசை வரிசையாக நாரத்தை மாதிரி மரங்கள், கல் வாய்க்கால். அதைத் தாண்டி வாசல். அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். எங்கள் ஊரில் கோவிலுக்குள் யார் செருப்புப் போட்டுக்கொண்டு போவார்? இரண்டு பேரும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். காவல்காரர் ஒருவர் வந்தார். செருப்பைக் காட்டி, போடுங்கள் என்று சைகை செய்தார். அம்மாவின் முகமூடியைப் பார்த்தார், என் தலைத்துணியைப் பார்த்தார், இரண்டு கையையும் ஏந்திக் காட்டி, இங்கே தொழக்கூடாது என்று விரலை ஆட்டினார். எனக்குச் சுருக்கென்றது. என் ஆண்டவர் வீட்டு வாசலில் என்னைப் பார்த்து விரலை ஆட்டுகிறான். ரவிக்கைக்குள்ளிருந்து செபமாலையை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். காவல்காரர் மாலையைப் பார்த்தார், கையிலிருந்த செருப்பைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு விலகிப் போனார்.

"என்ன காட்டினாய்?" என்றார் அம்மா.

"மணி, அம்மா. செபம் சொல்ற மணி."

"அதுதானா? என்னிடமும் இருக்கிறது" என்று தன் தஸ்பீஹை எடுத்துக் காட்டினார். பிறகு, "வீட்டுக்காரர் போடச் சொன்னால் போடவேண்டும்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

வாசலில் கல்நிலை. வலது கையை அதில் வைத்தார். உள்ளே இருட்டு. இருட்டில் தூண்கள். எண்ண முடியாது. ஒரு தூணுக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள், சவுக்குத்தோப்புக்குள் பார்க்கிற மாதிரி, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"சலாம் அலைக்கும்."

மேடத்தின் முழங்கை என் விலாவில் இடித்தது. நான் மூச்சை இழுத்தேன். மூக்கைப் பிடிக்கக் கை போயிற்று. அந்த நேரம் பார்த்து, சுவரோரத்தில் ஒரு சின்னப் பீடமும் அதன் பக்கத்தில் எரிகிற சிவப்பு விளக்கும் கண்ணில் பட்டன. அந்த விளக்கு எரிந்தால் நற்கருணையில் ஆண்டவர் இருக்கிறார் என்று பால் குடிக்கிற வயசிலிருந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போது வேலைக்காரி அவருக்காகப் பொய்க்குரல் கொடுப்பதா? என் கை இறங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை.

மேடம் மறுபடி இடித்தார். "சொல்லு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் சொல்லவில்லை.

அம்மா நின்றார். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் பின்னால் வந்த கூட்டம் ஒதுங்கி உள்ளே போயிற்று. அவர்கள் பேச்சுச் சத்தம் தூண்களுக்குள் போய் அடங்கியது. ஐந்து மூச்சு. பத்து மூச்சு. அர்பாப் வாட்சைப் பார்த்தார். செத்தாலும் இவர் இங்கேயே நிற்பார், கொன்றது நான்தான் என்று நினைத்தேன்.

முகம் தளர்ந்தது. முகமூடிக்கு உள்ளிருந்து நீண்ட மூச்சு ஒன்று வந்தது. வலது கால் உள்ளே போயிற்று.

என் காதில் ஒன்றும் விழவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்லுகிறேன்.

உள்ளே போனதும் என் கையை உதறிவிட்டார். வீட்டில் மேசைமுனையில் இடித்துக்கொள்ளுகிற மனுஷி, அத்தனை தூண்களுக்கு நடுவில் ஒன்றிலும் படாமல் நடந்தார். மெதுவாக நடந்தார். சில இடத்தில் நின்று, உடம்பை ஒடுக்கி, யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கினார். எதிரே ஒருவரும் வரவில்லை. ஒரு இடத்தில் இப்படி ஒதுங்கிவிட்டுத் தலையசைத்து லேசாகச் சிரித்தார். அர்பாப் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் படித்த மனுஷர்தான். ஆனாலும் அம்மா ஒதுங்கிய இடத்தில் அவரும் ஒதுங்கித்தான் நடந்தார்.

பழைய தொழுகைமாடம் பொன்பொடி இழைத்த மாதிரி மின்னியது. முன்னால் இரும்புக் கம்பி. அம்மா தொழவில்லை. கம்பியில் கைவைத்து நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு தோப்புக்கு நடுவே திடீரென்று வானம் திறந்தது போல வெளிச்சம். கட்டடத்தின் நட்டநடுவில் பெரிய கோவில். உயரமான கூரை, பலிபீடம், பாடுவோர் உட்காருகிற மர இருக்கைகள். அதன் எல்லையில் அம்மா நின்றார்.

"இது உன் வீடு. நீ சொல்."

எனக்கு அறுபது வயது. பிறந்தது முதல் கோவிலுக்குப் போகிறவள். வாசலில் நின்று வீட்டுக்காரரை நலம் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. முழங்காலிடுவேன், கேட்பதைக் கேட்பேன், எழுந்து வந்துவிடுவேன். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். என் குரல் மேலே போய் எங்கேயோ பட்டு இறங்குகிற மாதிரி இருந்தது. நிற்கப் பயம். சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

"பதில் வந்ததா?"

"வந்துச்சு அம்மா."

"பொய். நீ நிற்கவே இல்லையே."

வெளியே வந்து முற்றத்தில் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். அர்பாபும் மேடமும் தண்ணீர் வாங்கப் போனார்கள். அம்மா என் கையைத் தேடிப் பிடித்தார்.

"இன்று நீ பதில் சொல்லவில்லை. நல்லது செய்தாய்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மீன் வெட்டுகிறவள் கையை எத்தனை எலுமிச்சை போட்டுக் கழுவினாலும் எனக்குத் தெரியாதா?" சிரித்தார். "முதல் நாள் நீ மட்டும்தான் சொன்னாய். வேறொரு மார்க்கத்துக்காரி, நான் வெயிலில் சாகக்கூடாது என்று திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று எனக்குச் சமாதானம் சொல்லுகிறாள். உன் மரியாதைக்காகத்தான் உள்ளே வந்தேன்."

"அப்புறம் எல்லா நாளும் நான்தானே அம்மா சொன்னேன்."

"சொன்னாய். மறுநாளிலிருந்து உனக்கு முன்னால் இன்னொருவர் சொன்னார். நீ எப்போதும் இரண்டாவதுதான்."

மரத்திலிருந்து ஒரு காய் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

அபுதாபிக்குத் திரும்பிய பிறகு நான் ஒளியவில்லை. அம்மா சலாம் சொல்லுவார், நிற்பார், உள்ளே போவார். நான் அடுப்படியில் இருப்பேன். ஒரு நாளும் அவர் திரும்பிப் போகவில்லை. மேடம் என்னை மெச்சினார். இப்போது நான் ரொம்ப நைசாகச் சொல்லுகிறேனாம், மேடத்துக்கே கேட்பதில்லையாம். மெச்சட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு காரியம் மட்டும் செய்தேன். அவர் வாசலில் நிற்கிற நேரத்தில் பாத்திரத்தைத் துலக்க மாட்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் அம்மா ஆஸ்பத்திரியிலேயே காலமானார். அவர் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு மாசம் கழித்து ஒரு காலையில் மேடம் சாவியைக் கொடுத்து, துணிமணியைத் தானத்துக்குக் கட்டி வைக்கச் சொன்னார். பெட்டி தூக்க டிரைவர் கூட வந்தான். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். திரை போட்டிருந்தது. கட்டில், விரிப்பு, மண்சட்டி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

என்னை அறியாமல் வலது கை நிலைக்குப் போயிற்று.

"சலாம் அலைக்கும்" என்றேன்.

டிரைவர் பெட்டியைக் கீழே வைத்தான். "அக்கா, யல்லா. உள்ள போங்க, எனக்கு டூட்டி இருக்கு."

"இருடா தம்பி."

நின்றேன். இந்தத் தடவை நின்றேன். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. குளிர்காற்றுப் பெட்டியைக்கூட அணைத்து வைத்திருந்தார்கள். அத்தனை அமைதி. என் பின்னால் அவன் காலை மாற்றிக்கூட நிற்கவில்லை. வெகுநேரம் கழித்து மெல்லக் கேட்டான். இந்தத் தடவை அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"என்னக்கா, சொல்லிருச்சா?"

செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தேன். வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன்.